ஏழாம் ரூம் செம்புத் தகடு

ஆசிட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று எனக்கு உண்டு. போன வருஷம் தீபாவளி சீசன் வரைக்கும் அது நன்றாகவே ஓடியது.

நம்பிக்கைக்குக் காரணம் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி பட்டம். மூன்று வருஷம் விருதுநகருக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தது. எங்கள் தெருவில் கெமிஸ்ட்ரி படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தலைவலிக்கு எந்த மாத்திரை, சேற்றுப்புண்ணுக்கு எந்தக் களிம்பு என்று எல்லோரும் என்னிடம் வந்து கேட்பார்கள். அது வேறு படிப்பு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மருந்துக் கடைக்காரர் என்ன கொடுப்பாரோ அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்வேன்.

வேலை, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். அவற்றில் ஒன்பது ரூம்கள் என் பொறுப்பு. ஒவ்வொரு ரூம் வாசலிலும் இடுப்பு உயரத்தில் சுவரில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சேலை உரசினாலே உடம்பில் மின்சாரம் ஏறும். அது விரல் நுனியிலிருந்து பட்டாசு மருந்துக்குத் தாவினால் அந்த ரூமில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். தகட்டைத் தொட்டால் அது தகட்டின் பின்னால் உள்ள கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் நான் இதைக் கால் மணி நேரம் விளக்குவேன். இரண்டு நிமிஷத்தில் சொல்லலாம், ஆனால் பட்டம் வாங்கியவன் அப்படிச் சொல்ல முடியாது.

ஏழாம் ரூமில் மருந்து செலுத்துகிறவர்களில் ஒருத்தி என் அத்தை. அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. அவள் மகளைத்தான் நான் கட்டியிருக்கிறேன், ஆகவே மாமியாரும் அவள்தான். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி வரை எனக்கு 'ஏலே' தவிர வேறு பெயர் இல்லை. தாலி கட்டிய மறுநிமிஷம் 'மாப்ள, வாங்க, சாப்பிட்டீகளா' என்று மாறிவிட்டது. மரியாதை வந்தபிறகு அவள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

ரூமில் வேலை செய்கிற பெண்கள் அந்தத் தகட்டை வெறுமனே தொடுவதில்லை. தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் ஒரு முழம் பூவும் உண்டு. வருஷக்கணக்கில் மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, தகடு செம்பு என்பதே மறந்துபோயிற்று. எனக்கு எரிச்சல் வரும்.

"அத்தை, அது சாமி இல்ல. எர்த்து. எம்புட்டுத் தடவ சொல்றது."

"இருக்கட்டும் மாப்ள. உசுரக் காப்பாத்துதுன்னு நீங்கதான சொன்னீக. அப்ப ஒரு கும்புடு போட்டா கொறஞ்சா போயிருவோம்?"

நான் பட்டதாரிச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஆடி முடியும் சமயம் ஓர் ஆபீசர் சோதனைக்கு வந்தார். ஏழாம் ரூம் வாசலில் நின்று தகட்டைப் பார்த்து, "இதென்ன, அம்மன் கோயிலா? இம்புட்டுப் பிசுக்கு இருந்தா கரண்ட் எப்படிப் போகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதை அத்தைக்கு முன்னால் வைத்து என்னிடம் கேட்டார். இனி அந்தத் தகட்டில் ஆபீசர் முகம் பார்த்துத் தலைசீவுகிற மாதிரி செய்துகாட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு சபதம்.

சோப்பு, சாம்பல், ஒரு பழைய துணி. இது போதும் என்று எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். கொஞ்சம் புளி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் புளி போட்டுத் தேய்ப்பதற்கா நான் கெமிஸ்ட்ரி படித்தேன். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் பாட்டில் ஒன்று வாங்கினேன். உள்ளே இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உலோகங்களின் வினைபடு வரிசை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு என்று இறங்கி, ஹைட்ரஜன் தாண்டி, அப்புறம் செம்பு. ஹைட்ரஜனுக்கு மேலே உள்ளதெல்லாம் இந்த ஆசிட்டில் கரையும். கீழே உள்ள செம்பு அசையாது. மேலே படிந்த களிம்பு மட்டும் போகும், செம்பு அப்படியே நிற்கும். இதை யோசித்தபோது எனக்கே என்மேல் மதிப்புக் கூடியது.

முதலில் வீட்டில் ஒத்திகை. பூஜை அறையில் இருந்த செம்புச் சொம்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனேன். ஆசிட்டை ஊற்ற ஒரு பாத்திரம் வேண்டும். கைக்கு அகப்பட்டது அலுமினியச் சட்டி. ஊற்றிச் சொம்பை உள்ளே வைத்ததும் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மெல்ல ஒரு குமிழ், பிறகு நாலு, பிறகு சட்டி முழுக்கச் சோறு பொங்குகிற மாதிரிப் பொங்கி, நாற்றம் தாங்காமல் இருமிக்கொண்டு நான் வெளியே வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தபோது சட்டியின் அடியில் ஒரு ஓட்டை. அலுமினியம் வரிசையில் எங்கே இருக்கிறது என்று சற்றுமுன்தான் நானே ஒப்பித்திருந்தேன்.

என் மனைவி வந்து சட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஓட்டை வழியாக என்னையும் பார்த்தாள்.

"அலுமினியச் சட்டியில புளிக்கொழம்பு வைக்கக் கூடாதுன்னு எனக்கே தெரியும். நீங்க இதுக்குப் போயி மூணு வருசம் படிச்சீகளாக்கும்?"

சொம்பு மட்டும் புதுசாக மின்னியது. நான் சட்டியை மறந்துவிட்டுச் சொம்பை நினைவில் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் பெரும்பாலான தப்புகள் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குப் போனேன். விடுமுறை. ரூம்கள் பெருக்கிக் கழுவிக் காலியாக இருந்தன. வாசலில் தீப்பெட்டி, பீடி, செல்போன் கொண்டுவரக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் போர்டு உண்டு. அதில் ஆசிட் என்று எழுதவில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் ஆசிட்டை ஒருவன் கொண்டுவருவான் என்று போர்டு எழுதியவருக்குத் தோன்றியிருக்காது. வாட்ச்மேன் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். போர்மேன் கையில் உள்ள பையை அவர் எப்படிப் பார்ப்பார்?

ஒன்பது தகட்டையும் தேய்த்தேன். பிசுக்கைச் சுரண்டி, துணியில் ஆசிட்டை நனைத்து ஒற்றி ஒற்றி. கறுப்பும் பச்சையும் கரைந்து ஒழுக, உள்ளே இருந்து செம்பு வெளியே வந்தது. அப்படி ஒரு சிவப்பு. தகட்டின் அடியில் போல்ட் போட்டு முறுக்கிய கம்பி, கீழே ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைந்து மண்ணுக்குப் போகிறது. ஆசிட் அந்தக் கம்பி வழியாக ஒழுகிக் குழாய்க்குள் இறங்கியது. கம்பியோரம் சரசரவென்று வெள்ளை நுரை வந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்து, நல்லது, கம்பியில் உள்ள அழுக்கும் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கம்பி செம்பு இல்லை. துத்தநாகம் பூசிய இரும்பு. ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. கம்பி என்று கேட்டால் கொடுப்பார்கள், அதைக் கடையில் நின்று வாங்கி வந்தவனும் நான்தான். துத்தநாகமும் இரும்பும் ஹைட்ரஜனுக்கு மேலே இருப்பவை. அந்த நுரை அழுக்கு இல்லை, கம்பி.

திங்கள்கிழமை பெண்கள் தகட்டைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி தொடத் தயங்கினாள். அத்தை முதல் ஆளாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லாத்தான் வெளக்கியிருக்கீக மாப்ள" என்றாள். இனிமேல் மஞ்சள், குங்குமம் கூடாது என்று சொன்னேன். சரி என்றார்கள். ஆசிட் போட்டுத் துலக்கிய செம்பு சீக்கிரமே பச்சையாகப் பூத்துவிடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு காலையில் போய் மறுபடி தேய்த்தேன். மொத்தம் நாலு தடவை. நடுவில் அதே ஆபீசர் வந்தார். தகட்டைப் பார்த்துத் தலையாட்டி, "இப்படி இருக்கணும்" என்றார். அதை வீட்டில் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி நாலாம் நாள், ஓட்டைச் சட்டியில் மண்ணைப் போட்டுத் துளசி நட்டாள்.

சீசன் உச்சத்துக்கு வந்தது. சட்டப்படி ஒரு ரூமில் நாலு பேர்தான் உட்காரலாம். ஏழாம் ரூமில் ஆறு பேர் இருந்தார்கள். ஆர்டர் நிற்கிறது, ரெண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மேலிருந்து சொன்னார்கள்தான். சேர்த்து உட்கார வைத்தவன் நான். ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தால் கையில் உள்ளதை அப்படியே மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, ஓடாமல், பேசாமல், வரிசையாக வெளியே நடந்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். இதை நான் நன்றாகப் பழக்கியிருந்தேன். மொத்தத் தொழிலில் நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் சட்டத்தை ஏமாற்றுகிற இந்தப் பாடம்தான்.

அன்றைக்குக் காலை பத்தரை மணி இருக்கும். ஏழாம் ரூம் வாசலுக்குப் போனேன். சோதனைக்கு என்று சொல்ல ஆசைதான். உண்மையில் மீசை பார்க்கப் போனேன். அந்த வரிசையில் ஏழாம் தகட்டில்தான் முகம் நன்றாகத் தெரியும். குனிந்து மீசையை நீவும்போது, சுண்ணாம்படித்த சுவரில் குழாயின் அடியிலிருந்து காப்பி நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருப்பது கண்ணில் பட்டது. துரு. தகட்டின் அடியில் இருந்த கம்பியை இரண்டு விரலால் சும்மா இழுத்தேன். சாண் நீளத்துக்குக் கையோடு வந்துவிட்டது. முனை ஊசியாகத் தேய்ந்திருந்தது. மீதிக் கம்பி குழாய்க்குள் எங்கேயோ கிடந்தது.

தகடு எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. சுவரில் சும்மா ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுதான். சுற்றும்முற்றும் பார்த்தேன். அதற்கப்புறம்தான் உள்ளே அத்தை எதற்கோ சிரிக்கிற சத்தம் காதில் விழுந்தது. ஆறு பேர், நடுவில் மருந்து, ஆறு பேரும் காலையில் இந்தத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போனவர்கள். ஒருத்தி நைலக்ஸ் சேலை கட்டியிருந்தாள். கட்டக் கூடாது என்று சொன்னவனும், அன்றைக்கு அவசரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டவனும் நானே. ஓடுங்க என்று கத்தினால் எழும்பி விழுந்து ஓடுவார்கள். சேலை உரசும், கை தட்டும், மருந்து கொட்டும். கத்தக் கூடாது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எப்போதும் சொல்கிற குரலில் சொன்னேன்.

"ஆபீசர் வாராக."

கையில் இருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார்கள். எழுந்தார்கள். ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, பேசாமல், வேப்பமரத்தைப் பார்த்து நடந்தார்கள். நான் அந்தக் கம்பியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாக எண்ணினேன். ஆறாவதாக அத்தை வந்தாள். வெளியே போகும்போது தொடத் தேவையில்லை, இருந்தாலும் பழக்கம். நின்று, தகட்டை முழுக் கையால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனாள்.

மற்ற எட்டு ரூம்களிலும் அதையே சொல்லி எல்லோரையும் வெளியேற்றினேன். அப்புறம் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு கையோடு வந்தன. மற்றவை நூலாக இருந்தன.

மரத்தடிக்குப் போனபோது அத்தை கேட்டாள்.

"ஆபீசர எங்க மாப்ள காணோம்?"

வழியில் திரும்பிப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். சாத்தூருக்கு ஆளனுப்பிப் புதுக் கம்பி வாங்கி, மத்தியானத்துக்குள் மாட்டியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வாயெடுத்தும்விட்டேன். ஆனால் அவள் விரல்களில் மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர் வெள்ளியாக ஒட்டியிருந்தது, அதே பவுடர் இமை மேலும் இருந்தது. தகட்டைத் தொட்டு ஒற்றிக்கொண்ட இடம். அதைப் பார்த்தபின் பொய் வரவில்லை. கம்பியை முன்னால் நீட்டினேன்.

நீட்டிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பாடம் நடத்தினேன். செம்பு ஆசிட்டுக்கு அசையாது, துத்தநாகம் கரையும், துத்தநாகம் போனால் இரும்பு நிற்காது, செம்பும் இரும்பும் சேருகிற இடத்தில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும் என்று வரிசை மாறாமல், பரீட்சை எழுதுகிறவன் போல. பயத்தில் வாய் நிற்கவில்லை. அத்தை முடிகிறவரை கேட்டாள்.

"அப்ப அது எத்தன நாளா அறுந்து கெடக்கு?"

"தெரியல அத்தை. எப்ப அறுந்துச்சுன்னு தெரியல."

அவள் கம்பியின் ஊசி முனையைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த நைலக்ஸ் சேலைக்காரி அழ ஆரம்பித்தாள். அத்தை அவள் பக்கம் திரும்பவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, பழைய குரல் வந்தது.

"ஏலே. சாமின்னு நெனச்சு அதத் தொட்டோம்னா நெனச்ச? சாமி எங்களுக்கு ஊர்ல இருக்குலே. எர்த்துன்னு நீ சொன்ன. படிச்சவன் சொல்றானேன்னு ஒன்ன நம்பித்தாம்லே தொட்டோம். இவளுகள்ல ஒருத்தி தொடாம உள்ள போனா, நாந்தாம்லே திட்டித் திருப்பி அனுப்புவேன்."

பத்து வருஷமாக நான் அவர்களுடைய மூடநம்பிக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நம்பியது என்னை. அங்கேயே அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். மூக்கைத் துடைக்கக் கையெடுத்தால் கையெல்லாம் துரு.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். ஒன்பது ரூம்களையும் இரண்டு நாள் மூடிப் போட்டார். சீசனில் இரண்டு நாள். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர், "ஒன்ன அனுப்பிட்டு இன்னொருத்தன எடுத்தா, அவன் என்ன படிச்சிட்டு வருவானோ" என்றார். ரூமுக்கு நாலு பேருக்கு மேல் இனி உட்கார வைக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் ஆர்டர் நோட்டைப் புரட்டினார். நான் அப்புறம் உட்கார வைக்கவே இல்லை.

எலெக்ட்ரீஷியன் வந்து ஒன்பது இடத்திலும் கம்பிக்குப் பதில் செம்புப் பட்டை மாட்டினார். மீட்டர் வைத்துப் பார்த்து, சரி என்றார். நானும் பார்த்தேன், மூன்று முறை.

மறுநாள் காலை ஏழாம் ரூம் வாசலில் அத்தையும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே போகாமல் நின்றார்கள்.

"எல்லாம் சரி பண்ணியாச்சு அத்தை. மீட்டர்லயும் பாத்தாச்சு."

"பாத்திருப்பீக." மரியாதை திரும்பி வந்திருந்தது. "மொதல்ல நீங்க தொடுங்க மாப்ள."

தொட்டேன்.

"இப்ப உள்ள போயி ஒக்காருங்க."

"நாலு பேருக்கு மேல கூடாதுல்ல அத்தை."

"நாங்க மூணு பேருதான வந்திருக்கோம். நாலாவது ஆளு நீங்க. இன்னைக்கு எங்ககூட இருங்க."

பத்து வருஷத்தில் வேலை நடக்கும்போது நான் வாசலைத் தாண்டி உள்ளே உட்கார்ந்ததில்லை. வாசலில் நின்று விளக்குவதோடு சரி. செருப்பைக் கழற்றினேன். தகட்டை இன்னொரு தடவை தொட்டேன், கை தானாகக் கண்ணுக்குப் போய்விட்டது. அத்தை அதைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்து, மருந்துத் தட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் எனக்கு இடம் விட்டிருந்தாள்.